இரத்தப் பரிசோதனையும் பாவ அறிக்கையும்



இந்த வாரச் சிந்தனையைக் குடும்ப ஜெபத்தில் சத்தமாக வாசிக்கும் வழக்கமுள்ள வீடுகள் சில உண்டென்று அறிவேன். இம்முறை பெற்றோர் முதலில் தனியே வாசித்துவிடுங்கள். வாலிபப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிறகு அவர்களோடு சேர்ந்து வாசிப்பதே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அதை நீங்களே தீர்மானியுங்கள்.

ஓர் ஊரில், ஒரு சபையில், ஒரு வாலிபர் திருவிருந்தின்போது அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு பாத்திரத்தை ஒதுக்கி வந்தார். எல்லாரோடும் பீடத்தின் முன் முழங்காற்படியிடுவார். அப்பத்தை இரு கைகளையும் நீட்டிப் பெற்றுக்கொள்வார். பாத்திரம் அருகே வரும்போது உதடுகளை இறுக மூடித் தலையைக் கவிழ்ந்துகொள்வார். முதல் மாதம் தொண்டைவலியாயிருக்கும் என்று நினைத்துக் கடந்துபோனேன். இரண்டாம் மாதமும் அப்படியே செய்தார். மூன்றாம் மாதம் ஆராதனை முடிந்து கைகொடுக்கும் நேரத்தில், “தம்பி, ஒரு நாள் குருமனைக்கு வாருங்கள்” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவருடைய உத்தரவைப் பெற்றே இதை எழுதுகிறேன். ஊரையும் தொழிலையும் காலத்தையும் மாற்றியிருக்கிறேன். இவர் யாராயிருக்கும் என்று தேடவேண்டாம்.

ஒரு வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மேல் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதிலிருந்து ஐந்து தாள்களை எடுத்து மேசையின்மேல் வரிசையாக வைத்தார். ஐந்தும் எச்.ஐ.வி. பரிசோதனை முடிவுகள். ஐந்திலும் தொற்று இல்லை என்றே எழுதியிருந்தது. ஐந்தும் நகரத்தின் ஐந்து வெவ்வேறு மூலைகளிலுள்ள சோதனைக்கூடங்களில் எடுக்கப்பட்டவை. ஒரே இடத்திற்கு இரண்டாம் முறை சென்றால் அடையாளம் கண்டுகொள்வார்கள் என்ற அச்சம்.

நடந்தது இதுதான். அலுவலக நண்பர்களோடு வேறோர் ஊருக்குச் சென்றிருந்தார். குடித்திருக்கிறார்கள். மசாஜ் நிலையம் என்று பெயர்ப்பலகை போட்ட ஓரிடத்திற்கு அவரையும் அழைத்துப்போயிருக்கிறார்கள். உடலுறவு நிகழவில்லை. முத்தமும் கைகளின் தொடுதலுமே நடந்தவை. பாதியில் எழுந்து வந்துவிட்டார். அப்போது அவருக்குப் பெண் பேசி நிச்சயமும் முடிந்திருந்தது.

அன்றிரவிலிருந்து அவருக்கு உறக்கம் இல்லை. வெளிச்சத்தில் நாக்கை நீட்டி வெண்படலம் தெரிகிறதா என்று பார்ப்பார். கழுத்தில் நெறிகட்டியிருக்கிறதா என்று தடவித் தடவி, தடவிய இடமே வீங்கிப்போயிற்று. இரவில் வியர்த்தது, வயிறு கலங்கியது, எடை ஆறு கிலோ குறைந்தது. இவை யாவும் அந்நோயின் அறிகுறிகள் என்று எங்கோ வாசித்திருந்தார். பயத்தின் அறிகுறிகளும் இவைதாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை தாள் கையில் வந்தவுடன் இரண்டு மூன்று நாள் சமாதானம் இருக்கும். நான்காம் நாள், ‘இரத்தக்குப்பி மாறியிருந்தால்?’ என்ற கேள்வி வந்துவிடும்.

“பாத்திரத்தை ஏன் தள்ளினீர்கள்?” என்று கேட்டேன்.

“ஐயா, எனக்குப் பின்னால் பிள்ளைகளும் வயதானவர்களும் அதே பாத்திரத்தில் குடிக்கிறார்கள்” என்றார்.

பிரியமானவர்களே, அந்தப் பதிலுக்கு முன் நான் சற்று நேரம் வாய் திறக்கவில்லை. தன் பயத்தின் நடுவிலும் அவர் சபையை நினைத்திருக்கிறார். ஆனால் அவர் நினைத்தது சரியல்ல. அரசு மருத்துவமனையின் ஏ.ஆர்.டி. மையத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மருத்துவ நண்பர் ஒருவரிடம், பெயர் சொல்லாமல், மறுநாள் கேட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நம்மில் படித்தவர்களுக்கும் இது தெளிவாயில்லை என்று கண்டிருக்கிறேன்.

இக்கிருமி இரத்தம், விந்து, பெண்ணுறுப்பின் திரவம், தாய்ப்பால் போன்றவற்றின் வழியாகவே பரவும். அவையும் ஒருவருடைய உடலிலிருந்து மற்றவருடைய உடலுக்குள் செல்ல ஒரு வாசல் வேண்டும்: பாதுகாப்பற்ற உடலுறவு, பகிர்ந்துகொண்ட ஊசி, பரிசோதிக்கப்படாத இரத்தம், தாயிடமிருந்து பிள்ளைக்கு. உமிழ்நீரும் வியர்வையும் கண்ணீரும் இதைப் பரப்புவதில்லை. காயமற்ற தோல் கிருமியை உள்ளே விடாது. கட்டியணைப்பதால், ஒரே தட்டில் உண்பதால், ஒரே பாத்திரத்தில் பருகுவதால் இது வராது. அந்த வாலிபர் சொன்ன நிகழ்ச்சியில் கிருமி நுழைய வழியே இருக்கவில்லை என்றார் மருத்துவர். பரிசோதனையே அவசியமாயிருக்கவில்லை, மனநிம்மதிக்காக ஒன்று எடுத்திருக்கலாம், அவ்வளவே.

உண்மையாகவே ஆபத்துள்ள ஒன்று உங்களுக்கு நேர்ந்திருந்தால், வெட்கத்தினால் நாட்களைக் கடத்தாதேயுங்கள். 72 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் சென்றால் தொற்றைத் தடுக்கும் மாத்திரைகள் உண்டு. 28 நாட்கள் தவறாமல் உட்கொள்ள வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பரிசோதனைக்கும் ஒரு காலம் உண்டு. கிருமி உடலில் நுழைந்த மறுநாளே எந்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது; அந்த இடைவெளியைச் சாளர காலம் என்கிறார்கள். நரம்பிலிருந்து இரத்தம் எடுத்துச் சோதனைக்கூடத்தில் செய்யப்படும் நான்காம் தலைமுறைப் பரிசோதனை 45 நாட்களுக்குப் பிறகு நம்பத்தக்க விடை தரும். மற்ற விரைவுப் பரிசோதனைகளுக்கு மூன்று மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். நம் மாநிலத்தின் அரசு மருத்துவமனைகளில் இதற்கென்றே உள்ள இடத்திற்கு ‘நம்பிக்கை மையம்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை, பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் உங்களோடு பேசுவார். உங்கள் சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, முடிவைப் பிறருக்கு வெளியிடவோ கூடாதென்று 2017-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. நேரில் செல்லத் தயங்குகிறவர்கள் 1097 என்ற இலவச எண்ணில் முதலில் பேசலாம்.

இவையெல்லாம் தெரிந்த பிறகும் அவருக்குச் சமாதானம் வரவில்லை. மருத்துவர் சொன்னதைச் சொன்னேன். தலையசைத்தார். “ஆறாவதாக ஒன்று எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறேன் ஐயா” என்றார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அவர் சோதனைக்கூடத்திடம் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குச் சோதனைக்கூடத்திடம் விடை கிடையாது. தொற்று இருக்கிறதா இல்லையா என்பதையே அந்தத் தாள் சொல்லும். ‘நான் செய்தது மன்னிக்கப்பட்டதா?’ என்பதற்கு அது என்ன சொல்லக்கூடும்? நூறு முறை இரத்தம் கொடுத்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். தண்டனை வந்தாக வேண்டும் என்று அவருடைய உள்ளம் தீர்த்துவிட்டது. தண்டனை இல்லை என்று எழுதிய தாளை அதனால் நம்ப முடியவில்லை.

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை நம்மில் பலர் வேகமாகக் கடந்துவிடுவோம். தடிப்பு, தழும்பு, மயிர் வெளுத்தல் என்று நீண்டுகொண்டே போகும். அன்றிரவு அதைத் திறந்தோம். ஒருவனுடைய தோலில் சந்தேகமான வெள்ளைப் புள்ளி தோன்றினால் ஆசாரியன் உடனே தீட்டென்று தீர்ப்பதில்லை. ஏழு நாள் அடைத்து வைக்கிறான். ஏழாம் நாள் பார்க்கிறான். பரவாதிருந்தால் இன்னும் ஏழு நாள். மறுபடியும் பார்த்து, மங்கியிருந்தால், அவன் சுத்தமுள்ளவன் என்று தீர்க்கிறான். அந்த மனிதன் தன் வஸ்திரங்களைத் தோய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கவனித்தீர்களா? காத்திருக்கும் காலம் அங்கேயும் உண்டு. அதற்கு முடிவும் உண்டு. அந்தப் புள்ளிக்காக மூன்றாம் முறை அடைத்துவைக்கும் கட்டளை அங்கே இல்லை. மேலும், தன்னைச் சுத்தமென்றோ தீட்டென்றோ தீர்க்கிற வேலை அந்த மனிதனுக்குக் கொடுக்கப்படவில்லை. அதற்கு வேறொருவர் இருந்தார். “நீங்கள் ஐந்து முறை உங்களையே அடைத்து வைத்திருக்கிறீர்கள். ஆசாரியன் கதவைத் திறந்த பிறகும் வெளியே வர மறுக்கிறீர்கள்” என்றேன்.

அவர் அழுதார். பிறகு சொன்ன ஒன்று என்னை என் நாற்காலியிலேயே குறுகிப்போகச் செய்தது.

“ஐயா, நீங்கள்தானே சொன்னீர்கள்?”

பதினான்கு வயதில் ஒரு வாலிபர் முகாமுக்கு வந்திருக்கிறார். அங்கே பேசிய போதகர் நான். விபச்சாரத்துக்குத் தேவன் கையில் எடுத்த சாட்டை எய்ட்ஸ் என்று அன்று பிரசங்கித்தேன். எலும்புந்தோலுமாய்ப் படுத்திருக்கும் ஒரு மனிதரின் படத்தைத் திரையில் காட்டினேன். அந்தப் படம் எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை.

1986-ஆம் ஆண்டு நம் நாட்டில் முதன்முதலாக இக்கிருமி கண்டறியப்பட்டது நம்முடைய சென்னையிலேதான். சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும், அவரிடம் பயின்ற டாக்டர் செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து மேற்கொண்ட ஆய்வு அது. நிர்மலா திரட்டிய இரத்த மாதிரிகளை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பரிசோதித்தபோது ஆறு பெண்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. டாக்டர் சுனிதி சாலமன் தம் வாழ்நாளின் எஞ்சிய ஆண்டுகளை இந்நோயாளிகளுக்கென்றே செலவிட்டார். எல்லாரும் தொட அஞ்சிய காலத்தில் அவர் தொட்டார். பிரசங்க பீடத்தில் நின்ற என்னைப் போன்றவர்களோ விரலை நீட்டினோம். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவத்தினால் இவன் இப்படிப் பிறந்தான் என்று சீஷர்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியையே ஆண்டவர் ஏற்கவில்லை. யோவான் 9-ஆம் அதிகாரம். அதையும் நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். முகாமில் மட்டும் மறந்துபோனேன்.

பாவம் பாவமல்ல என்று நான் சொல்லவரவில்லை. அந்த வாலிபர் செய்தது தவறு. அவரும் அப்படித்தான் சொன்னார். ஆனால் கிருமிக்கு நியாயப்பிரமாணம் தெரியாது. கணவனுக்கு உண்மையாயிருந்த மனைவிக்கும், தாயின் மார்பில் பால் குடித்த குழந்தைக்கும் அது வருகிறது. அது தேவனுடைய சாட்டையாயிருந்தால் அந்தக் குழந்தை என்ன செய்தது?

இதைச் சொல்லும்போது என் முந்தைய சபையொன்றில் இருந்த ஒரு சகோதரி நினைவுக்கு வந்தார். லாரி ஓட்டிய கணவரிடமிருந்து தொற்றைப் பெற்றவர். அவரை அடக்கம் செய்தவனும் நானே. செய்தி ஊரில் பரவியபின் மூப்பர்கள் இருவர் என்னிடம் வந்து, அந்த அம்மாளுக்குப் பாத்திரத்தைக் கடைசியில் கொடுக்கலாமே என்றார்கள். நான் மறுத்திருக்க வேண்டும். உமிழ்நீரால் பரவாதென்று அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனாலும் சபையில் சலசலப்பு வேண்டாமென்று தலையசைத்தேன். நான் அந்தச் சகோதரியிடம் எதுவும் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலேயே அவர் புரிந்துகொண்டார். அடுத்த மாதம் எல்லாரும் எழுந்து சென்ற பிறகு தனியே வந்து பீடத்தின் கடைசி முனையில் முழங்காற்படியிட்டார். இரண்டு ஆண்டுகள் அப்படியே நடந்தது. பாத்திரத்தில் மீந்திருப்பதைப் பருகித் தீர்க்கிறவர் போதகர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் அவருக்குப் பின் நானே பருகினேன். அது என் தைரியம் என்று அந்நாட்களில் நினைத்துக்கொண்டேன். அதில் தைரியம் எதுவும் இல்லை. அவர் இன்றும் உயிரோடிருக்கிறார். நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு, தையல் இயந்திரத்தில் உழைத்து, மகளைச் செவிலியர் படிப்பு முடிக்கவைத்துவிட்டார். தவறாமல் மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூடத் தொற்றுப் பரவாது என்கிறது இன்றைய மருத்துவம். பாத்திரத்தைப் பற்றிப் பேசவே இடமில்லை.

இதையெல்லாம் அந்த வாலிபரிடம் சொன்னேன். முகாமில் பேசியதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “எனக்கு வந்துவிட்டால் நான் அந்த அம்மாளைப்போல் கடைசியில் நிற்கவேண்டும் என்றுதான் பயந்தேன் போலிருக்கிறது” என்றார். நோயைவிட அந்தக் கடைசி முனையே அவரை அதிகமாய்ப் பயமுறுத்தியிருக்கிறது. அந்த முனையை உண்டாக்கியவர்கள் நாம்தான்.

பிறகு பாவ அறிக்கை செய்தார். எழுத்தில் இல்லை, தம் வாயால், ஒன்றையும் மறைக்காமல். மன்னிப்பின் நிச்சயத்தைச் சபை முறைமையின்படியே அவருக்குக் கூறினேன். ஐந்து தாள்களையும் உறையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டேன். சற்றுத் தயங்கினார், கொடுத்தார்.

அதோடு அவர் பயம் மறைந்துவிட்டதென்று எழுதினால் அது பொய்யாகும். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கழுத்தைத் தடவத் தொடங்கிவிட்டார். ஜெபித்தும் ஏன் போகவில்லை என்று கேட்டார். சந்தேகத்தை விடமுடியாமல் மனம் ஒரே இடத்தில் சுற்றுவதும் ஒரு நோயே. அதற்கும் மருத்துவம் உண்டு. அவரை மனநல மருத்துவர் ஒருவரிடம் நானே அழைத்துச் சென்றேன். காத்திருப்போர் வரிசையில் எங்கள் இருவரையும் கண்ட ஒரு சபையார், ‘ஐயருக்கு என்னவாயிற்று’ என்று விசாரித்ததாகப் பின்னர் அறிந்தேன். எனக்காகக் கவலைப்பட்டதற்கு நன்றி. உங்களில் யாராவது, பரிசோதனை முடிவு தெளிவாய் வந்த பிறகும் மீண்டும் மீண்டும் பரிசோதித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்னொரு சோதனைக்கூடத்தைத் தேடாதேயுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்தால் உட்கொள்ளுங்கள். காய்ச்சலுக்கு மாத்திரை உட்கொள்வதை யாரும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை.

இன்னும் ஒன்று மீதியிருந்தது. “தொற்று இல்லையே ஐயா, அந்தப் பெண்ணிடம் சொல்லவேண்டுமா?” என்று கேட்டார். இது எளிய கேள்வியல்ல. சொல்லவேண்டாம் என்று ஆலோசனை கூறும் போதகர்களும் உண்டு, அவர்களைக் குறைகூறமாட்டேன். என் மனதில் பட்டதைச் சொன்னேன்: அந்தத் தாள் அவளுடைய சரீரத்துக்கு ஆபத்தில்லை என்கிறது, அவளுக்கு நீங்கள் கொடுத்த வாக்கைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் பயத்தில் நடுங்கிக்கொண்டிருக்கும்போது சொல்லாதிருங்கள்; அப்படிச் சொன்னால் உங்கள் பாரத்தைத் தூக்கி அவள் தலையில் வைத்ததாகும். மனம் நிலைப்படட்டும், பிறகு சொல்லுங்கள். அவள் கோபப்பட இடங்கொடுங்கள். நேரம் கேட்டால் கொடுங்கள்.

ஓலை எழுதுவதை ஒத்திவைக்கச் சொன்னார். ஒத்திவைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை அவரும் அந்தப் பெண்ணும் அவளுடைய தாயாரும் பூங்காவொன்றின் இருக்கையில் நெடுநேரம் பேசியதாகப் பின்னர் சொன்னார். அவர்கள் என்ன பேசினார்கள், ஓலை வாசிக்கப்பட்டதா என்பதை எழுத எனக்கு உத்தரவில்லை.

அதற்கடுத்த திருவிருந்து ஞாயிறன்று அவர் வந்து முழங்காற்படியிட்டார். அவருக்கு இடப்பக்கத்தில் ஒரு பாட்டியம்மாள், வலப்பக்கத்தில் அந்த ஆண்டு திடப்படுத்தல் பெற்ற சிறுவன். அப்பத்தை வாங்கினார். பாத்திரம் வந்தது. அவருடைய கைகள் நடுங்கியதால் நானே பாத்திரத்தின் அடியைத் தாங்கிப் பிடித்தேன். பருகினார். வழக்கம்போல் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, பாத்திரத்தைச் சற்றே திருப்பி, அந்தச் சிறுவனுக்கு நீட்டினேன்.